காலடியில் இருந்த பெட்டி

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். எனக்கு முழங்காலைத் தவிர எல்லாம் சரியாக இருக்கிறது.

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களைச் சொல்கிறேன், சரியா என்று பார்த்துக்கொள். நீ, உன் மனைவி, உன் அக்கா, என் நாத்தனாராகிய உன் அத்தை, மேல்மாடி டீச்சர், நீ கூட்டிவந்த டாக்சிக்காரர். என்னோடு சேர்த்து ஏழு பேர். அப்பா போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. டாக்சிக்காரர் ஈரக் காலோடு உள்ளே வந்தார். அத்தை, நான் துடைத்து வைத்த மேசையை விரலால் தடவி விரலைப் பார்த்தாள். மேல்மாடி டீச்சர் பதினொரு வருஷத்துக்கு முன்னால் வாங்கிக்கொண்டு போன குடையைக் கம்பி ஒடித்துக் கொண்டுவந்து மாட்டியதையே நான் மறக்கவில்லை. அன்றைக்கு நடந்ததையா மறப்பேன்?

நீ கேட்டாய். அப்பாவின் கம்ப்யூட்டர் பெட்டியை எடுத்துக்கொள்ளட்டுமா, குட்டிக்கு ஆகும் என்று கேட்டாய். கம்ப்யூட்டரைத் தொட்டால் கை இருக்காது என்றேன். இல்லையம்மா, கீழே இருக்கிற பெட்டி மட்டும்தான் என்றாய். நான் மேசைக்கு அடியில் பார்த்தேன். அந்தக் கறுப்புப் பெட்டி. அப்பா எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் கால் தூக்கி வைத்துக்கொள்வேனே, அது. வெதுவெதுப்பாக இருக்கும், காலுக்குச் சுகம். டிவிக்குக் கரண்டு பெட்டி இருப்பதுபோல இதற்கும் ஒன்று என்று நினைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு போ, பெருக்கும்போது முட்டுகிறது என்றேன். திரை மட்டும் போதுமா உனக்கு என்று மறுபடியும் கேட்டாய். எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாயா என்று எகிறினேன். நீ குனிந்து கம்பிகளைக் கழற்ற ஆரம்பித்தாய்.

நான் திரையைக் கட்டிப்பிடிக்காத குறையாக நின்றேன். டாக்சிக்காரர் கறுப்புப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். பார்த்து இறங்குங்கள் என்றுகூடச் சொன்னேன். ஆறு பேர் இருந்தீர்கள், எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

நீங்கள் எல்லோரும் போன பிறகு அப்பாவின் நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கத்தரித்துத் திரைக்கு உறை தைத்தேன். அப்பா உட்காரும் நேரமாகிய நாலு மணிக்குத் தினமும் உறையை எடுத்துவிட்டு, அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பொத்தானை அமுக்குவேன். ஏதோ இங்கிலீஷ் எழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மிதக்கும். பிறகு இருட்டாகிவிடும். ஒரு சின்ன விளக்கு மட்டும் கண் சிமிட்டும். கண்ணாடியில் என் முகம்தான் தெரியும். எனக்குத் திறக்கத் தெரியவில்லை, படித்தவர்களுக்குத் திறக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அதனால்தான் நூலகத்துக் கீழ்த்தளத்தில் நடக்கிற கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். திங்கள், வியாழன். உன்னிடம் சொல்லவில்லை. ஒரு நாள் உனக்கு நானே டைப் அடித்து அனுப்பி, அசந்துபோக வைக்கலாம் என்று இருந்தேன்.

மூன்றே பேர் வகுப்பு. நான், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், தையல்காரி ஒருத்தி. சொல்லிக்கொடுப்பவர் நூலகத்து அம்மா. முன்பு டெலிபோன் நிலையத்தில் இருந்தவராம், குரல் அப்படி இருக்கும், நம்பர் கேட்பதுபோல. முதல் நாள் மவுஸைக் கொடுத்தார். நான் அதை டிவி ரிமோட் மாதிரி தூக்கித் திரையைப் பார்த்து நீட்டினேன். அம்மா, அதைத் தரையிலேயே ஓட்டுங்க, பறக்கிற வண்டி இல்லை என்றார் டிரைவர். அவரோடு இரண்டு வகுப்பு பேசவில்லை. இரண்டு தடவை சேர்த்துத் தட்ட வேண்டும் என்றார்கள். என் விரல் ஒன்று தட்டி, யோசித்து, இன்னொன்று தட்டும். பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டுவது போலத் தட்டுங்கள், அடுத்தடுத்து, என்றார் நூலகத்து அம்மா. அப்படித் தட்டித்தான் பழகினேன். தட்டிப் பழக்கம் உண்டு எனக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் தொண்டை கட்டியிருக்கிறதே, சளியா என்று கேட்டாய். சளி இல்லை. வியாழக்கிழமை வகுப்புக்குப் பிறகு அன்றுதான் வாயைத் திறந்தேன்.

நாலாவது வாரம், இந்தத் திங்கட்கிழமை, பாகங்கள் பற்றிய பாடம். நூலகத்து அம்மா ஒரு பழைய பெட்டியை மேசையில் வைத்தார். கறுப்புப் பெட்டி. ஸ்க்ரூவைக் கழற்றி ஒரு பக்கத் தகட்டை எடுத்தார். உள்ளே காற்றாடி, பச்சை அட்டை, நாடா நாடாவாகக் கம்பிகள். பலகை போல ஒன்றைத் தொட்டு, இதுதான் ரேம், கரண்டு போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்றார். எனக்கு அந்தச் சாமானே கிடையாது என்றேன். தையல்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு உள்ளங்கை அளவு இரும்பு டப்பா ஒன்றை உருவிக் காட்டினார். நாம் எழுதுவது, படம், பாட்டு எல்லாம் இதற்குள்தான் இருக்கும், இதுதான் ஹார்டு டிஸ்க் என்றார். நான் விடுவேனா. அப்படியென்றால் திரைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். திரைக்குள் ஒன்றும் இல்லையம்மா, காட்டுவது மட்டும்தான் அதன் வேலை என்றார்.

எனக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. டிரைவர் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அவர்மேல் வைத்திருந்த பழைய கோபத்தை அன்றே விட்டுவிட்டேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்தோரு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டிய மனிதர் உன் அப்பா. வீட்டுக்கு வந்தால் கை கழுவுவார், சாப்பிடுவார், படுப்பார். யாரை ஏற்றினார், யார் பிழைத்தார், யார் வண்டியிலேயே போனார், ஒரு வார்த்தை வராது. வேலை விட்ட பிறகு அந்தப் பழைய கம்ப்யூட்டரை வாங்கினார். இரண்டு விரலால் தட்டுவார். இரண்டு வருஷம், தினமும் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும். நான் கண்ணாடி போடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எழுத்து தெரியாது, தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். வேகமாகத் தட்டினால் கோபமான இடம். நிறுத்தி நிறுத்தித் தட்டினால், யாரோ போய்ச் சேர்ந்த இடம்.

நடுவில் திரும்பாமலே என்னிடம் கேட்பார். நாம் முதலில் குடியிருந்த வீட்டு ஜன்னல் என்ன நிறம் என்று கேட்டார். பச்சை, இரண்டாவது கண்ணாடியில் விரிசல் என்றேன். தட்டிக்கொண்டார். உன் அக்கா பிறந்த அன்று நான் எத்தனை மணிக்கு வந்தேன் என்று கேட்டார். வரவில்லை, மறுநாள்தான் வந்தீர்கள் என்றேன். வெகுநேரம் தட்டவில்லை. பிறகு மெதுவாக நிறையத் தட்டினார். என்ன எழுதுகிறீர்கள் என்றால் முடியட்டும், வாசித்துக் காட்டுகிறேன் என்பார். நான் உள்ளே இருக்கிறேனா என்றேன் ஒருநாள். நீ இல்லாத பக்கம் இல்லை என்றார். திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னார்.

அதெல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கிறது, அல்லது இருந்தது.

போனிலேயே கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டால் உடனே பதில் வந்துவிடும். அதற்குத்தான் பயம். கடிதம் போய்ச் சேருகிற வரைக்கும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

நூலகத்து அம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். வேறு ஒருவர் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று. சிலர் பழையதை அப்படியே விட்டு வைப்பார்கள், சிலர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவார்கள் என்றார். அழித்திருந்தாலும், அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதாமல் இருந்தால் தெரிந்தவர்கள் சில சமயம் மீட்டுவிடுவார்களாம். பெட்டி ஓட ஓடத்தான் பழையதன் மேலே மேலே எழுதி மூடிவிடுமாம். ஆகையால் இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும், சட்டையைக்கூட மாற்றாமல், பிளக்கைப் பிடுங்கு. குட்டி விளையாடிக்கொண்டிருந்தால் பிடுங்கிவிட்டு அவளைத் தூக்கிக்கொள். அழுதால் பாட்டிதான் சொன்னாள் என்று சொல், என்னைத் திட்டட்டும். அவளுக்கு வேறு ஒன்று வாங்கிக்கொடு.

எழுத்து இருந்தால் நீ படிக்காதே. முதலில் நான். அச்சடித்தும் அனுப்பாதே, அச்சடிக்கிறவர் கண்ணில் படும். பெட்டியையே அனுப்பு. எந்தக் கம்பியை எங்கே செருக வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். நீலத் தலை உள்ளது திரைக்கு, இரண்டு பக்கமும் திருகி இறுக்க வேண்டும். திறக்கும்போது நான் தனியாக இருந்துகொள்கிறேன்.

இல்லை என்று ஆகிவிட்டால் வாயால் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, அங்கே மழை பெய்கிறதா அம்மா என்று கேள். நான் பெய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அதற்குமேல் இந்தப் பேச்சை நாம் எடுக்க வேண்டாம்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ இரண்டு தடவை கேட்டாய், என் வாய்தான் கொடுத்தது. டீச்சரின் குடையை விட்டுவிட்டேன். உன் அத்தையைக்கூட விட்டுவிட்டேன் என்றால் பார்த்துக்கொள். நீ நன்றாக இரு, பிள்ளைகுட்டியோடு நூறு வருஷம் இரு, வீட்டில் இருக்கிறவர்களிடம் முகம் பார்த்துப் பேசு.

ஒருத்தரை மட்டும் என்னால் முடியாது. ஓர் அடி தூரத்தில் உட்கார்ந்து, என் ஆயுசை என்னிடமே கேட்டுக் கேட்டு எழுதிவிட்டு, ஒரு வரி வாசித்துக் காட்டாமல் எழுந்து போனவரை நான் மன்னிக்கவே மாட்டேன். உன் அப்பாவை.

இப்படிக்கு,
அம்மா