மீனம்பாக்கத்தில் நீ உட்கார்ந்த சோபா

மண்ணூர்பேட்டை,
14-6-98

அன்புள்ள மனோகரனுக்கு, அம்மா சொர்ணம் சொல்லச் சொல்ல உன் தங்கை பேபி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். கல்கத்தாவில் நீயும், அந்த ஊர்க் கடுகெண்ணெய்க்குப் பிறகு உன் வயிறும் சுகமா என்று முதலில் கேட்கச் சொல்கிறாள் அம்மா.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கம்பெனி வேலையாகக் கொச்சிக்குப் போகும்போது மெட்ராஸில் விமானம் மாற நாலு மணி நேரம் இருந்ததாகவும், புது கிரெடிட் கார்டைக் காட்டியதும் ஏசி போட்ட தனி அறைக்குள் விட்டு, சோபாவில் உட்காரவைத்து, கேட்டதெல்லாம் தின்னக் கொடுத்ததாகவும் எழுதியிருந்தாய். முதல் வருஷம் சும்மா கொடுத்த கார்டுக்கு இனி வருஷத்துக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய் கேட்கிறார்கள், அந்த அறைக்காக அதைக் கட்டலாமா என்றும் கேட்டிருந்தாய். அன்றிலிருந்து நம் வீட்டில் இதே பேச்சுதான். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டலாமா? தூங்கிப்போனால் விமானத்துக்கு எழுப்பிவிடுவார்களா? பாதி படித்த பத்திரிகையை எடுத்துக்கொண்டு போகலாமா? (இது என் கேள்வி.) இரண்டாம் முறை தட்டை நிரப்பினால் யாரும் முறைக்க மாட்டார்களா? (இது அம்மாவுடையது.) அப்பா, "எங்க கேண்டீன்லயும் ஆபீசருங்களுக்குத் தனி ரூம் கீது. அதே சாம்பார்தான் ஊத்துறான். வருசத்துக்கு மூணு வாட்டி குந்தறதுக்கு இத்தினி காசா?" என்றார். பக்கத்து வீட்டு மஸ்தான் பாய் அதை ஒத்துக்கொள்ளவில்லை. சவுதிக்குப் போகிறவர்களைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு வாரா வாரம் மீனம்பாக்கம் போகிறவர் அல்லவா, "இன்னா அண்ணாத்தே, உள்ள போனா குந்த எடமில்லாம நிக்கிறானுங்களாம். சம்பாரிக்கிற புள்ள, சோபால குந்தினா உனுக்கு இன்னா வலிக்குது?" என்று கேட்டார். சத்தமில்லாமல் படிக்க ஓர் இடம் கிடைக்குமே என்று நானும் பாய் பக்கம்தான் பேசினேன்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த ரூம்புக்கு ஜன்னல் கீதா? வெளிய நிக்கறவங்க தெரிவாங்களா? கேட்டு எழுது" என்றாள். அதை அவள் ஏன் கேட்டாள் என்று நான் சொல்லியாக வேண்டும். அண்ணா, அன்றைக்கு நாங்கள் அங்கே வந்திருந்தோம். எஸ்டிடி பூத்துக்கு நீ போன் செய்தபோது, சும்மா விமானம் மாறத்தான் வருகிறேன், யாரும் வர வேண்டாம் என்றுதான் சொன்னாய். ஆனால் விமானம் மாறுவது என்றால் அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ் மாறுவது மாதிரி, கீழே இறங்கி வெளியே நின்றுதானே அடுத்ததில் ஏற வேண்டும் என்று நினைத்தோம். பத்தாவது படிக்கிற நானும் அப்படித்தான் நினைத்தேன்! பூந்தமல்லியிலிருந்து அமீருதீன் என்பவரை ரியாத்துக்கு வழியனுப்ப ஒரு குடும்பமே பாய் வேனில் போயிற்று. அதில் நாங்களும் நெருக்கி உட்கார்ந்துகொண்டோம். தூக்கில் சோறும் உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும். வழியெல்லாம் அந்த வாசனைக்கு எல்லோரும் எங்களைக் கிண்டல் செய்துகொண்டே வந்தார்கள்.

கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் அம்மா எட்டிப் பார்த்தாள். காவலுக்கு நின்றவர், "மாறிப் போறவங்க வெளிய வரத் தேவையில்லம்மா, உள்ளயே இருப்பாங்க" என்று நல்லபடியாகத்தான் சொன்னார். அம்மா, "அவங்க வர மாட்டாங்க சார், எம் புள்ள வருவான்" என்றாள். நீ ஏறும் விமானம் போய்விட்டது என்று அப்பா விசாரித்து வந்து சொன்ன பிறகுதான் கம்பியை விட்டாள். ரியாத் விமானம் ராத்திரிதான் என்பதால் ரியாத்காரர்கள் அந்தப் பக்கம் பாய் விரித்துப் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், எங்களையும் உட்காரச் சொன்னார்கள். உன் பங்குக் குழம்பை அம்மா அமீருதீனுக்கு ஊற்றினாள். "எந்தப் புள்ள துன்னா இன்னா" என்றாள். அவர் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார்.

இதையெல்லாம் உனக்கு எழுதக் கூடாது, புள்ள மனசு கஷ்டப்படும் என்றுதான் அம்மா முதலில் சொல்லியிருந்தாள். உன் கடிதம் வந்த பிறகு, "எழுது. காசு கட்றதுக்கு முன்னாடி அவனுக்குத் தெரியட்டும்" என்றாள். கோபமெல்லாம் இல்லை. நீ அன்று பட்டினி கிடக்கவில்லை, நின்று கால் வலிக்கவில்லை என்று தெரிந்ததில் அவளுக்கு நிம்மதிதான். அவள் தீர்ப்பை அப்படியே எழுதுகிறேன். அந்தக் கார்டைக் காட்டினால் உன்னோடு இன்னோர் ஆளையும் உள்ளே விடுவார்களா என்று விசாரி. விடுவார்கள் என்றால் பணத்தைக் கட்டு, அம்மாவும் ஒருமுறை வந்து உட்கார்ந்து பார்க்கிறாளாம். விட மாட்டார்கள் என்றால், மற்ற ஊர்களில் சோபா வேண்டுமா வேண்டாமா என்று நீயே கணக்குப் பார்த்துக்கொள். "மெட்ராஸ்ல மட்டும் கதவைத் தொறந்துகினு வெளிய வந்துரு நைனா" என்கிறாள்.

ஆகஸ்டில் மறுபடியும் கொச்சி என்று எழுதியிருக்கிறாய். விமானம் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் மறக்காமல் எழுது. எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை, மழையில் நனையாதே. எந்த ஊரில் இறங்கினாலும் நல்ல மனிதர்கள் உன் கண்ணில் பட வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறார்கள். வெளியே இருப்பது இரும்பு பெஞ்சுதான், அதில் உனக்கு உட்காரப் பிடிக்காமல் போய்விடுமோ என்று அம்மா கவலைப்பட்டாள். மஸ்தான் பாய், வேனின் பின் சீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா
சொர்ணம்
(எழுதியது: பேபி)