வெயிலில் வைத்த சக்கரங்கள்

போர்ட் பிளேர்,
9-3-1967

அண்ணனுக்கு,

கதிரடிக்கும் மிஷின்களுக்கு நீங்கள் வார்த்து அனுப்பிய பல்சக்கரங்கள் நாற்பதும் கப்பலில் வந்து சேர்ந்தன. பெட்டிக்குள் வைத்திருந்த முறுக்கும் வந்தது. அதைப் பட்டறை நாய்க்குப் போட்டேன்.

"சுத்தியால் ரெண்டு தட்டுத் தட்டிக் கையெழுத்துப் போட்டுடு தம்பி" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சர்க்கார் பட்டறைக்கு வரும் சாமான்களைச் சோதித்து வாங்குகிறவன் நான்; தட்டவில்லை. முற்றத்தில் தகரம் விரித்து, உச்சி வெயிலில் பரப்பி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் முப்பத்திரண்டு சக்கரங்களிலிருந்து கறுப்பு மெழுகு உருகி வழிந்தது. ஒவ்வொரு பல்லின் அடியிலும் பென்சில் நுழையும் ஓட்டை.

போன வருஷம் பெட்டியைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டேன், அண்ணன் அனுப்பியது என்று. அதில் வந்த சக்கரம் ஒன்றுதான் தை மாதம் ரங்கத் என்ற ஊரில் உடைந்து தெறித்து, மண்டல் என்ற பெங்காலிக்காரரின் மனைவியின் வலது கண்ணைப் பறித்தது. எழுதினேன். 'விதி' என்று பதில் போட்டீர்கள்.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்த மண்டல் இன்று முற்றத்தில் நின்று மெழுகு வழிவதைப் பார்த்தார். "கைசே மாலும், பாபு?" என்றார். எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார்; நானும் சொன்னேன். ஆறு வருஷம் உங்கள் வார்ப்படப் பட்டறையில் அந்த மெழுகைக் கரியோடு குழைத்து அப்பியவன் நான்தான் என்று, எல்லோரும் கேட்க, இந்தியில் சொன்னேன்.

சோதனை அறிக்கையில், குற்றவாளி என்று உங்கள் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதிவிட்டேன். வேலை போனால் உங்களிடமே வந்துவிடச் சொல்வீர்கள். போகத்தான் போகிறது. மெழுகு குழைக்க வேறு ஆள் பாருங்கள்.

இன்னமும் உங்கள்
தம்பி