விபூதி படாத வெள்ளி ரூபாய்

மச்சான்,

நேற்று உன் முதல் தெவசம். பட்டாபிராம் வீட்டுக்குள் நுழைந்ததுமே ஈர விபூதி வாசனை. உன் மனைவி தாம்பாளத்தில் விபூதியைக் குழைத்து வெள்ளிச் சந்தனக் கிண்ணத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள். அடுத்துத் துலக்குவதற்காகப் பக்கத்தில் காத்திருந்தது உன் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய்!

"கருத்துப்போச்சுண்ணே. பளிச்சுனு தேச்சு அவரு போட்டோவாண்ட வெக்கலாம்னு கீறேன்" என்றாள் தங்கச்சி.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

வருஷங்களுக்கு முன்னால் நாம் பழைய நாணயம் சேர்க்க ஆரம்பித்தபோது, ஆவடி மார்க்கெட் சேட்டு நம் இரண்டு ரூபாயையும் ஒரே பொட்டலத்திலிருந்துதான் எடுத்துப் போட்டார். முதலில் பொறுக்கியவன் நான். பூதக்கண்ணாடி வைத்து, கிரீடத்தில் ஒரு புள்ளிகூடத் தேயாத ரூபாயை எடுத்துக்கொண்டேன். உனக்கு மிஞ்சியது, ராஜா கழுத்தில் கீறல் விழுந்தது. நீ அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் காகிதத்தோடு வாங்கிக்கொண்டாய். பாவம், ஏமாளி என்று நினைத்தேன்.

அப்புறம் அம்பத்தூரில் நாணயச் சங்கத்துப் போட்டி. எங்கள் வீட்டில் வெள்ளி என்றால் விபூதி; கொலுசானாலும் குங்குமச் சிமிழானாலும் அதுதான் வைத்தியம். ராஜாவுக்கும் அதையே செய்தேன். அவர் முகத்தில் என் முகம் தெரிந்தது. நீயோ ஷிப்ட் முடிந்து தலைகூடச் சீவாமல் வந்தாய். சேட்டு கொடுத்த காகிதத்திலேயே துடைக்காமல் கிடந்த உன் ரூபாய் நடுவில் தேன் நிறம், ஓரத்தில் மயில் கழுத்து நீலம்.

தரம் பார்த்த பெரியவர் என் ரூபாயை எடுத்தார். "இன்னாப்பா, குளிப்பாட்டி இட்டாந்துட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நீயும்தான்.

உன்னுடையதை விளக்கடியில் லேசாகச் சாய்த்தார். வெளிச்சம் சைக்கிள் சக்கரம் போல ராஜாவைச் சுற்றி ஓடியது. "அச்சடிக்கறப்போ வெள்ளி ஓடின ரேகை கண்ணுக்குத் தெரியாம அப்படியே கீது. அதுலதான் வெளிச்சம் ஓடுது. நீ தேச்ச, ரேகை போச்சு. இப்ப உன்னுது வெறும் கண்ணாடி."

"சார், அதுல கழுத்தாண்ட கீறல் கீது சார்!" என்று கோள் மூட்டினேன்.

"கீது. அதுக்குக் கொஞ்சம் கொறைப்போம். ஆனா பார்த்த ஒடனே கண்ணு எங்க போவுது சொல்லு? அதுக்கும் தரம் உண்டுப்பா."

உனக்கு முதல் பரிசு. என் ராஜா போட்டியிலேயே இல்லை. திரும்பும்போது ரயிலில் நீ சொன்னாய்: "உடு மாமே. எனக்கு உன்னுதுதான் புடிச்சிருக்கு, இன்னா ஜொலிப்பு!" ஆறுதலுக்குச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். நிஜமாகவே சொன்னாய்.

ரூபாயோடு போயிற்றா? நம் பேக்டரி கேன்டீனில் மடிப்புக் கலையாத சட்டையோடு நான் நிற்பேன். கசங்கின சட்டைக்காரனான உனக்குத்தான் சாம்பாரை அடியிலிருந்து கிண்டி ஊற்றுவார்கள். என் மாமியாரே நீ வந்தால்தான் முறுக்கு டப்பாவைத் திறப்பார். மருமகனுக்குக் காராபூந்தி.

நேற்று தங்கச்சியின் விபூதிக் கட்டைவிரல் ராஜாவின் மூக்கை நோக்கி இறங்கியது. ஒரு தேய்ப்புப் போதும், உன் ரூபாயும் என் ரூபாயும் ஒன்று. இத்தனை வருஷத்து வயிற்றெரிச்சல் அடங்கிவிடும்.

"கைய எடும்மா!" என்று கத்தியது நான்தான்.

"இன்னாண்ணே, பல்லியா?" என்று தங்கச்சி தாம்பாளத்தை விட்டுத் துள்ளி எழுந்தாள்.

ரூபாயை ஓரத்தில் பிடித்து எடுத்து, ஜன்னலடியில் அவளுக்குச் சாய்த்துக் காட்டினேன். சக்கரம் ஓடியது. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவரு எப்பப் பாரு இத்த வெச்சிகினு கைய ஆட்டிகினே குந்தினு இருப்பாருண்ணே. நான் நரம்புத் தளர்ச்சின்னு நெனச்சு லேகியம் வாங்கிக் குடுத்தேன்."

சிரித்தோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களே எடுத்துக்கினு போங்கண்ணே, அருமை தெரிஞ்சவரு" என்றாள்.

வேண்டாம் என்றுவிட்டேன், மச்சான். அது உன் வீட்டில் இருந்தால்தான் எனக்கு வயிறு எரியும். உன்னால் எனக்கு வந்ததில் இன்னும் சூடு ஆறாமல் இருப்பது அந்த எரிச்சல் ஒன்றுதான். அதையும் ஏன் தொலைப்பானேன்?