பெரிய வெள்ளிக்கிழமை கிளாரினெட்

என் உயிர்த் தோஸ்து ஆரோக்கியத்துக்கு, ஹமீது எழுதுகிறேன்.

நீ போய் நாற்பது நாளாகிறது. ராயபுரத்தில் மழை இன்னும் விடவில்லை. உன் பெண்டாட்டி மேரி மீன் கூடை தூக்க ஆரம்பித்துவிட்டாள்.

நம் இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம்தானே. ஈரானி ஹோட்டல் ரேடியோவில் நாதஸ்வரத்தில் தோடி வந்தால் நீ டீயை ஆறவிட்டுக் கேட்பாய். எனக்கோ இந்திப் பாட்டுக்கு நடுவில் வரும் ஷெனாய். "பாடறவங்க சும்மா கீறப்போ ஒத்த வாத்தியம் பேசுது பாரு, அதான் மாமு பாட்டு" என்பாய். ஆனால் நான் கேட்டதிலேயே பெரியது உன் கிளாரினெட்தான். அதை உன்னிடம் சொன்னதே இல்லை.

அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலத்தில் ஆண்டவர் சுரூபத்தை இறக்கி வைத்ததும் கோயில் பேண்டு முழுக்க நின்றது. நீ மட்டும் கிளாரினெட் வாசித்தாய். சுரம் மேலே ஏறி, இதோ உடைந்துவிடும் என்று நினைக்கும்போது உடையாமல் இறங்கியது. கூட்டத்தில் தொப்பி போட்டவன் நான் ஒருத்தன்தான். அழுதுவிட்டேன்.

மறுநாள் காலை ஹார்பரில், கப்பல் மேல்தட்டில் பெட்டிகளை இறக்கும் விஞ்சு மிஷினைப் பிடித்திருந்தவன் நான். அடித்தட்டில் பெட்டிகளை வாங்கி அடுக்கியவன் நீ. நீ கை காட்டிய பிறகுதான் நான் இறக்கவேண்டும். உன் வாசிப்பையே சீட்டியடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஏறுகிற இடத்தில் கண்ணை மூடிவிட்டேன், ஆரோக்கியம். நீ கை காட்டுவதற்கு முன்பே பெட்டி இறங்கிவிட்டது.

உன் வலது கையில் மூன்று விரல் போனது. நீதான் அவசரப்பட்டுப் பெட்டிக்கு அடியில் கையை விட்டாய் என்றார் மேஸ்திரி. நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் அதை நம்பினாய். ஆஸ்பத்திரியில் கையில் போட்ட கட்டைப் பார்த்துக்கொண்டே, "என் தப்புதான் மாமு" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா?

கிளாரினெட்டைப் பேண்டுக்கே கொடுத்துவிட்டாய். ரேடியோ பாடினால் எழுந்து போனாய். குடித்தாய். இருமலில் ரத்தம் வந்தது. இரண்டு வருஷம் தினமும் வந்து உனக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தேன். அதை மட்டும் சொல்லவில்லை.

உன் அடக்கத்துக்குப் பேண்டு வந்தது. உன் தனி வாசிப்பு வரும் இடத்தில் எல்லாரும் நிறுத்தினார்கள். வாசிக்க ஆளில்லை. அங்கிருந்து கல்லறைவரை டிரம் மட்டும்தான்.

நேற்று மேரியிடம் சொல்லிவிட்டேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுதுண்ணே? தன்னையே திட்டிகினு செத்துச்சே அந்த மனுசன், அதாண்ட சொல்லியிருக்கணும்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இன்றைக்கும், ஆரோக்கியம் மாதிரி அவசரப்படாதே என்கிறார்கள். நாளைக் காலை எல்லாரும் கூடும்போது மேஸ்திரி முன்னால் நின்று உண்மையைச் சொல்வேன். வேலை போனால் போகட்டும். அதைச் சொல்லாமல் உன் கல்லறைக்கு வரமாட்டேன்.

உன் மாமு,
ஹமீது