அம்மா வைத்த தலையணை

திருவண்ணாமலை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஓவியாவுக்கு அப்பா எழுதுவது. அங்கே குளிரில் நீ உடம்பைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் போன வியாழக்கிழமை வேங்கிக்காலில் உள்ள நடைப் பயிற்சி மையத்தில் அருணகிரி என்கிற ரிட்டயர்டு போலீஸ் ஏட்டின் மடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். புதுக் காலை மாட்டி, இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தேன், ஐந்தாவதில் செயற்கை மூட்டு மடங்கிவிட்டது, கம்பி முடிகிற இடத்துப் பெஞ்சில் அவர் இருந்தார். நல்லவேளை அரை டிராயர் போட்டிருந்தேன், வேட்டியாக இருந்தால் மானமும் போயிருக்கும். அவருக்கும் ஒரு கால்தான். சார் எனக்கு மிச்சம் இருக்கறதே ஒண்ணு, அதையும் உடைச்சுடாதீங்கனு சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

விழுந்தேன் என்று அம்மா சொன்னதும் நீ போனில், அந்த மூட்டு சரியில்லை, கம்ப்யூட்டர் வைத்த மூட்டாகப் பார்த்து அனுப்புகிறேன் என்றாய். அனுப்பாதே கண்ணு. மூட்டின்மேல் தப்பில்லை. பயிற்சி கொடுக்கிற சிந்துஜா, உன்னைவிடச் சின்னப் பெண், அதட்டல் மட்டும் ஜாஸ்தி, என்னை மல்லாக்கப் படுக்கவைத்து நல்ல காலை நெஞ்சுவரை மடக்கச் சொன்னாள். வெட்டின தொடை கட்டிலில் படியவே இல்லை, ஒரு சாண் தூக்கிக்கொண்டு நின்றது. இடுப்புச் சதை முன்பக்கம் இறுகிவிட்டதாம், அதனால் காலை ஊன்றும்போது மூட்டு நிற்காமல் மடங்குகிறதாம். அடியில தலையணை வெச்சுப் படுத்தீங்களானு கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, நான்தாம்மா வெச்சேன், வலிக்கக் கூடாதேனு எட்டு மாசமா வெச்சேன் என்றாள். அந்தப் பெண் திட்டவில்லை. இனிமே வேணாம்மா, தினம் ரெண்டு வேளை அரை மணி குப்புறப் படுக்கட்டும், மூணு மாசத்துல நிமிராட்டி இந்தக் காலைப் போட்டு நடக்கறது கஷ்டம்னு மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. தலையணையை அம்மா பரண்மேல் வீசிவிட்டாள். சோறு பிசைந்தபடியே உட்கார்ந்திருக்கிறாள். நான் தரையில் பல்லி மாதிரி ஒட்டிக் கிடக்கிறேன். அப்படிக் கிடக்கும்போதுதான், எதிர்வீட்டு ஜோதியம்மாளிடம், அவரு நடக்கறதை என் கையாலயே கெடுத்துட்டேன் அக்கானு அம்மா அழுதது காதில் விழுந்தது. எழுந்து போகவும் முடியாது. பௌர்ணமிக்கு மலை சுற்றப் போகிற கூட்டத்தின் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் கால் போனவர்களுக்கு உதவி கேட்டு எத்தனை மனு எழுதியிருப்பேன். இப்போது திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிற கூட்டம் வேறு ஆளிடம் எழுதிக்கொள்கிறது. எனக்கு நானே ஒரு மனு எழுதலாம் என்றால் யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை.

நீ அடுத்த முறை பேசும்போது அம்மாவைக் கொஞ்சம் தேற்று. சர்க்கரை நம் குடும்பத்துச் சொத்து, வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடு, காலில் சின்னக் காயம் என்றாலும் அப்பாவைப் போல மஞ்சள் வைத்துவிட்டுச் சும்மா இருக்காதே. அண்ணாமலையார் துணையில் நீ நூறு வருஷம் உன் காலில் நிற்க வேண்டும்.

போனில் சொல்லாமல் இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன அன்று, அவள் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தபோது, ஒரு நர்ஸ் வந்து, சார் தலையணை மட்டும் வைக்கவே கூடாதுனு என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் வெட்டின இடத்தை அம்மா பார்க்கவே பயப்படுவாள், தலையணை வைக்கும்போது மட்டும்தான் அதைத் தொடுவாள். அதனால் சொல்லவில்லை. வியாழக்கிழமையும் சொல்லவில்லை.

உன் அப்பா
முருகவேல்