சாயம் ஏறாத துண்டுகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும், ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கும் என் பேரன் சின்ன முதலாளியும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இங்கே வேறு நினைப்பில்லை. அப்பா போனைக் கையை விட்டு இறக்குவதில்லை, குளிக்கப் போனால் என்னைக் காவல் வைத்துவிட்டுப் போகிறார். பிள்ளை தேறி வருகிறான் என்று டாக்டர் சொன்னதாக மாப்பிள்ளை சொன்னார். ஆனால் பெட்டிக்குள் கைவிட்டுத் தொடலாம் என்று நர்ஸ் கூப்பிட்டும் நீ தள்ளியே நிற்கிறாயாமே. "நான் பாதியிலேயே விட்டுட்டேம்மா, மூளைகூட முழுசா வளர்ந்திருக்காது" என்று நீ அழுததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போனில் வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ பிறந்து நான் மறுபடி ஆய்வுக்கூட வேலைக்குப் போன காலம்தான் ஞாபகம் வருகிறது. எலிக்குட்டிகளின் மூளையை வெங்காயச் சருகு மாதிரி சீவி, தண்ணீரில் மிதக்கவிட்டு, தூரிகையால் எடுத்து, செல்கள் கண்ணுக்குத் தெரியும்படி சாயம் ஏற்றுவது என் வேலை. வீட்டுக்கு வந்தால் உன் அப்பா சோதனைச் சாவடி போல வாசலிலேயே நிறுத்தி, என் கையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உன்னைத் தருவார். அப்போது ஆஸ்ட்ரோசைட் என்கிற நட்சத்திர வடிவச் செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூளையில் ஓடும் ரத்தக்குழாய்களை அவை பாதம் பதித்துப் போர்த்தியிருக்கும். வளர்ந்த எலியில் பளிச்சென்று தெரியும். அன்று பிறந்த குட்டியின் துண்டிலோ குழாய்கள் மொட்டையாகக் கிடந்தன. நானும் உடன் வேலை பார்த்த அக்காவும் சாயத்தைத் திட்டினோம், புட்டியை மாற்றினோம், திரும்பத் திரும்பச் செய்தோம், அப்போதும் மொட்டைதான். கடைசியில் ஆய்வுக்கூடத்தை நடத்திய மேடம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சாயம் நல்லாத்தான் ஏறியிருக்கு. அதுங்க இனிமேத்தான் வரணும், பொறந்தப்புறம் நடக்கிற வேலை இது" என்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த குட்டிகளில் பார்த்தோம். செல்கள் பெருகி, குழாயை எட்டித் தொட்டு, தொட்ட இடத்தில் பாதத்தை விரித்து, வாரம் போகப்போக இடைவெளி தெரியாமல் மூடிவிட்டன. அன்று வீட்டுக்கு வந்து உன் உச்சிக்குழி துடிப்பதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போதும் மனசு சமயத்தில் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

எலிக் கணக்கு வேறு, மனிதக் கணக்கு வேறு, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு வந்தவனுக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும்தான். ஆனால் வயிற்றுக்குள்ளேயே எல்லாவற்றையும் முடித்துப் பெற்றவள் என்று ஒருத்தியும் கிடையாது. மாதம் நிறைந்து பிறந்த உன்னையும் நான் முடித்துப் பெறவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் சாப்பிட வை. மூன்று பேரும் தீர்க்காயுசாக இருங்கள். நாளைக்கு நர்ஸ் கூப்பிட்டால் தள்ளி நிற்காதே, போய் அவனைத் தொடு.

உன்னை இன்னும் பெற்று முடிக்காத
அம்மா