சிலிக்கன் தட்டில் வைத்த குங்குமம்

கண்டி,
3.8.2025

அன்புள்ள ஜீவராஜ் அண்ணாவுக்கு,

நான் அழைத்தால் போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். மீனம்மா அண்ணியும் பிள்ளைகளும் சுகமா? ஆய்வுக்கூட வேலை போன பிறகு நீங்கள் ஹார்ட்வெயார் கடையில் நிற்பதாகக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஆயுத பூசைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். டயகம தோட்டத்தில் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் பொட்டு வைத்தே பழகியவள் இல்லையா? ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, வெற்றிடக் கருவிக்குள் சிலிக்கன் தகடு வைக்கும் தட்டின் அடியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன். அறிவு கெட்டவள்! சூடாக்கும்போதெல்லாம் அது ஆவியாகித் தகட்டில் படிந்திருக்கிறது.

சுத்தமான தகட்டில் வெள்ளி அணுக்கள் முதலில் ஒரே அடுக்காகப் பரவும், அதற்கு மேல்தான் திட்டுத் திட்டாகச் சேரும் என்று எனக்குக் காட்டித் தந்ததே நீங்கள். நமக்கோ பூசைக்குப் பிறகு மூன்று மாதம் அந்த அடுக்கே அமையவில்லை. எடுத்த எடுப்பிலேயே கட்டி கட்டியாக நின்றது. தகடு கழுவுகிறவர் நீங்கள் என்று பழி உங்கள் மேல் விழுந்தது. பேராசிரியர் உங்களை வேலையை விட்டு நிறுத்திய அன்றே, எல்லாம் என் பொட்டால்தான் என்று எனக்குப் பொறி தட்டியது. வாயைத் திறக்கவில்லை. மறுவாரம் யாருக்கும் தெரியாமல் தட்டைக் கழற்றித் துடைத்தேன். வெள்ளிப் படலம் ஒழுங்காக வந்தது. "பாத்தீங்களா, ஜீவராஜ் போனதும் சரியாப் போச்சு" என்றார்கள். நானும் தலையாட்டினேன், பாவி.

என்னை மன்னிப்பீர்களா அண்ணா?

தங்கை,
பிரேமினி

கினிகத்தேனை,
19.8.2025

தங்கச்சி பிரேமினிக்கு,

எல்லாரும் சுகம். பொட்டு வச்சதுக்கு எனக்குக் கோவமில்ல. நானா இருந்தாலும் வச்சிருப்பேன்.

ஆனா ஏழு மாசம்! என் கை மேல எனக்கே நம்பிக்கை போயிருச்சு. ஆணி நிறுத்தாக்கூட ரெண்டு தடவ பாக்குறேன். உங்க அண்ணியே ஒரு நாள் கேட்டா, "நெசமாவே ஒழுங்காத்தான் கழுவினீங்களா?"ன்னு.

என்கிட்ட கேட்டா மன்னிச்சிருவேன்னு ஒனக்குத் தெரியும். அதான் எனக்கு எழுதியிருக்க. பேராசிரியருக்கு எழுதினியா?

இப்படிக்கு,
ஜீவராஜ்

கண்டி,
2.9.2025

அன்புள்ள மீனம்மா அண்ணிக்கு,

அண்ணா ஒவ்வொரு தகட்டையும் ஒழுங்காகத்தான் கழுவினார். கெடுத்தது நான்.

பேராசிரியரிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். "எப்பிடிங்க இவ்வளவு நாள் சும்மா இருந்தீங்க?" என்று கேட்டார். "பட்டம் போயிரும்னு பயம் சேர்" என்றேன். அவர் என் ஆய்வேட்டை மூடி, என் பக்கமே தள்ளிவைத்தார்.

அண்ணாவைத் திரும்ப வரச் சொல்லி அவரே எழுதுவார். தயங்காமல் அனுப்பிவையுங்கள். நான் அங்கே இருக்க மாட்டேன்.

பிரேமினி